இலங்கையில் கிறித்தவத் திருநாள்கள்

இலங்கைத் தமிழர் கிறிஸ்துமஸ் பண்டிகையை நத்தார் என்பர். போர்த்துக்கீசிய மொழியின் 'நத்தால்' என்ற சொல்லே இவ்வாறு மருவிற்று. சிங்களத்தில் அது நத்தல். தமிழகப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் தாத்தா அங்கே நத்தார் தாத்தா. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கை மக்களில் சுமார் 70 சதவீதத்தினர் பௌத்தர்கள்; கிறித்தவர்கள் சுமார் 7.5 சதவீதம். அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். சிங்களர், தமிழர் என இரு இனத்தாரும் இச்சமயத்தில் உள்ளனர்.

ஒல்லாந்தர் காலம்

போர்த்துக்கீசியர் பரப்பிய கத்தோலிக்க சமயத்தை ஒடுக்கியவர்கள் பௌத்தர்கள் அல்லர். மற்றொரு கிறித்தவப் பிரிவினரான ஒல்லாந்தரே. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் அவர்கள் கத்தோலிக்கக் குருமாருக்கும் வழிபாட்டுக்கும் தடை விதித்தனர். மாந்தையில் இருந்த மாதா சிலையுடன் மக்கள் காட்டுக்குள் புகுந்தனர். அச்சிலை சென்றடைந்த இடமே இன்றைய மடுத் திருத்தலம்.

1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தார். கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கீசிய ஒற்றர் என ஐயுற்றுச் சிறையில் வைத்தனர். ஆனால் பின்னர் அவருக்குப் பாதுகாப்பளித்தவனும் கண்டியின் பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனே. தீவின் கரையோரத்தில் தடைசெய்யப்பட்ட திருநாள்கள், மலைநாட்டில் ஒரு பௌத்த அரசனின் நிழலில் நடந்தன. மாணவர்கள் இதனை மறக்கலாகாது. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். தவக்காலத்தில் கிறித்துவின் பாடுகளை ஒப்பாரி போல் இசைத்துப் படிக்கும் வழக்கத்துக்கு அவர் நூல்கள் துணையாயின.

நிலவும் நாள்காட்டியும்

இலங்கையில் பௌர்ணமி நாளைப் போயா என்பர். ஒவ்வொரு போயாவும் அரசு விடுமுறை. அன்று மதுவும் இறைச்சியும் விற்கப்படுவதில்லை. கிறித்தவரின் உயிர்ப்பு ஞாயிறும் நிலவைக் கொண்டே கணிக்கப்படுகிறது: மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு அது. ஆகையால் பெரிய வெள்ளியும் போயாவும் பெரும்பாலும் ஒரே வாரத்தில் வந்துவிடும்.

இந்த நெருக்கம் எப்போதும் நன்மையாக முடியவில்லை. 1883 மார்ச் 25, உயிர்ப்பு ஞாயிறன்று, கொழும்பு கொட்டாஞ்சேனையில் குணானந்த தேரரின் விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலம் கத்தோலிக்கரால் தாக்கப்பட்டது. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. குற்றவாளிகள் தண்டிக்கப்படாததால், மறு ஆண்டு கர்னல் ஆல்காட் பௌத்தர்களின் சார்பில் லண்டன் சென்று முறையிட்டார். இதன் தொடர்ச்சியாக 1885இல் வெசாக் நாள் அரசு விடுமுறையாயிற்று. பௌத்த மறுமலர்ச்சியாளர்கள் கிறிஸ்துமஸ் வழக்கங்களையே தம் பண்டிகைக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டனர். வெசாக் வாழ்த்து அட்டைகளும், குழுவாகப் பாடும் பக்திப் பாடல்களும் இவ்வாறு வந்தவையே. எதிர்த்தவரிடமிருந்தே எடுத்துக்கொள்வது சமய வரலாற்றில் புதிதன்று.

அடுத்த சோதனை 1966இல் வந்தது. அரசு ஞாயிறு விடுமுறையை நீக்கி, அமாவாசை, பௌர்ணமி, இரு அட்டமிகள் ஆகிய நான்கு போயா நாள்களையே வார விடுமுறையாக்கியது. நிலவின் கணக்கு ஏழு நாளுக்குள் சரியாக அடங்காததால் வாரத்தின் நீளமே மாறி மாறி வந்தது. ஞாயிறு, பள்ளியும் அலுவலகமும் இயங்கும் நாளாயிற்று. வேலைக்குப் போகும் முன்னோ திரும்பிய பின்னோதான் பலரால் பூசை காண முடிந்தது. வெளிநாட்டு வணிகத்துக்கும் இம்முறை இடையூறானது. 1971இல் ஞாயிறு விடுமுறை திரும்பியது. இன்று கிறிஸ்துமஸும் பெரிய வெள்ளியும் பொது விடுமுறைகள்.

மடுவும் கொச்சிக்கடையும்

வேளாங்கண்ணியின் கொடியேற்றத்தை அறிந்தவர்களுக்கு மடுத் திருவிழா அந்நியமாகத் தோன்றாது. ஆகஸ்ட் 15 பெருவிழாவுக்கு வருவோர் மரநிழலில் கூடாரமிட்டு, அங்கேயே சமைத்து உண்டு நாள்கணக்கில் தங்குவர். தமிழர், சிங்களர் என இருவரும் வருவர். இந்துக்களும் பௌத்தர்களும் நேர்ச்சை செலுத்துவர். மடு மண் பாம்புக்கடிக்கு மருந்து என்பது பலரின் நம்பிக்கை. போர்க்காலத்தில் இத்தலம் அகதிகள் முகாமாயிற்று. 1999 நவம்பரில் எறிகணைகள் விழுந்து, அங்கே தஞ்சம் புகுந்தோர் பலர் மாண்டனர். 2008 ஏப்ரலில் மாதா சிலை தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டு அதே ஆண்டில் திரும்பியது.

2019இல் பெரிய வெள்ளியும் பக் போயாவும் ஏப்ரல் 19 அன்று ஒன்றாக வந்தன. இரண்டு நாள் கழித்து, உயிர்ப்பு ஞாயிறு காலையில், கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார், மட்டக்களப்பு சீயோன் ஆகிய ஆலயங்களிலும் மூன்று பெரிய விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் சில வாரங்கள் ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டன. மக்கள் தொலைக்காட்சியில் பூசை கண்டனர். அடுத்த மாதம் வந்த வெசாக்கும் ஆரவாரமின்றிக் கழிந்தது.

கொச்சிக்கடை ஆலயத்துக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் எல்லாச் சமயத்தாரும் மெழுகுதிரியுடன் வருவது நெடுநாள் வழக்கம். சிதைந்த ஆலயம் ஜூன் 12 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. மறுநாள் அந்தோனியார் திருநாள்.