மாடியிலிருந்து பீடத்துக்கு

வட கரோலினா பல்கலைக்கழகத்தை ஒட்டி, சேப்பல் ஹில்லில் செங்கல் சிற்றாலயம் ஒன்று நிற்கிறது. பெயர் 'சேப்பல் ஆஃப் தி கிராஸ்'. 1842இல் இந்த எப்பிஸ்கோப்பல் சபையைக் கூட்டியவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வில்லியம் மெர்சர் கிரீன். 1848இல் ஆலயம் பிரதிஷ்டையானது. அன்று இருக்கைகள் எல்லோருக்கும் பொதுவாக இல்லை. அடிமைகளுக்கு மாடி.

1854 டிசம்பரில் மேரி ரஃபின் ஸ்மித் என்ற சீமாட்டியின் 'வேலைக்காரக் குழந்தைகள்' ஐவர் ஞானஸ்நானம் பெற்றதாக ஆலயப் பதிவேடு சொல்கிறது. அவர்களில் ஒருத்தி கொர்னீலியா. மேரியின் சொந்தச் சகோதரனுக்கும் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவள். சகோதரன் மகளையே உடைமையாக வைத்திருந்த அத்தை! பதிவேட்டில் அந்த உறவுக்கு இடமில்லை.

மேரி பின்னாளில் தன் நிலத்தில் பெரும்பகுதியை அதே பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். கொர்னீலியாவின் பேத்தி பாலி மரே 1938இல் அங்கே மேல்படிப்புக்கு விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்பதால் இடம் மறுக்கப்பட்டது.

அவர் வழக்கறிஞரானார். அறுபது வயதைத் தாண்டி இறையியல் படிக்கப் போனார். 1977 ஜனவரி 8 அன்று வாஷிங்டன் பேராலயத்தில் குருப்பட்டம் பெற்றார். எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் குருவான முதல் கறுப்பினப் பெண் அவரே.

அடுத்த மாதம் 13ஆம் தேதி, தம் முதல் திருவிருந்து ஆராதனையை நடத்த அவர் வந்தது இந்தச் சிற்றாலயத்துக்குத்தான். பாட்டியின் வேதாகமத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை விரித்து வைத்து வாசித்த மேடையில் பொறித்திருந்த பெயர், மேரி ரஃபின் ஸ்மித்.