பினால்டி விதி புகட்டும் நீதி



சில ஆண்டுகளுக்கு முன் ஜெலாப்பாங்கில் நடைபெற்ற மாணவர் காற்பந்தாட்டம் ஒன்றுக்கு நான் நடுவராக நின்றேன். பினால்டி உதைக்கப்படும் முன்னரே தற்காப்பு அணியினர் இருவர் கட்டத்துக்குள் ஓடிவந்துவிட்டனர். ஆயினும் பந்து வலைக்குள் புகுந்தது. நானோ, விதி மீறப்பட்டதென்று மறு உதைக்கு உத்தரவிட்டேன். அதைக் கோல்காவலர் தடுத்துவிட்டார். அந்த ஒரு கோலால் உதைத்தவனின் அணி தோற்றது.

"ஐயா, தப்புச் செய்தவர்கள் அவர்கள். தண்டனை மட்டும் எனக்கா?" என்று அம்மாணவன் கேட்டான்.

அன்றிரவு விதிநூலைப் புரட்டினேன். அவன் கேட்டதே சரி. தற்காப்பு அணி விதியை மீறியும் பந்து உள்ளே சென்றால் அது கோல்தான். செல்லாவிடில் மட்டுமே மறு உதை. தாக்கும் அணி மீறினால் கணக்கு தலைகீழாகும்: கோல் விழுந்தால் மறு உதை, விழாவிடில் எதிரணிக்கு மறைமுகத் தனி உதை. உட்புகுந்தவரால் ஆட்டம் பாதிக்கப்பட்டால் மட்டுமே நடவடிக்கை என்று 2024-இல் இவ்விதி மேலும் தெளிவாக்கப்பட்டது. தவறு செய்தவர் அத்தவற்றால் பயன் பெறலாகாது என்பதே இவை அனைத்துக்கும் அடிப்படை.

பினால்டி பிறந்த கதையும் இதுவே. அயர்லாந்தின் மில்ஃபோர்ட் ஊரைச் சேர்ந்த கோல்காவலர் வில்லியம் மெக்ரம் முன்வைத்த யோசனை 1890-இல் விதிக்குழுவை எட்டியது. கனவான்கள் வேண்டுமென்றே தவறிழைப்பார்கள் என விதியே கருதுவது இழிவு என்று பலர் எதிர்த்தனர். 1891 பிப்ரவரியில் இங்கிலாந்துக் கிண்ணக் காலிறுதியில், ஸ்டோக் அணியின் பந்து கோட்டைக் கடக்கவிருந்தபோது நாட்ஸ் கவுண்டியின் தற்காப்பாளர் கையால் தடுத்தார். கோட்டருகே தனி உதை கிடைத்தும், கோல்காவலர் பந்தை மறித்து நின்றதால் பலனில்லை. ஸ்டோக் 0-1 எனத் தோற்றது. தவறு வென்றது! அவ்வாண்டு ஜூன் 2-ஆம் நாள் பினால்டி விதியானது.

இவ்வரலாற்றில் நம் நாட்டவருக்கும் இடமுண்டு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் காலிறுதியில் பல்கேரியாவுடன் சமநிலை கண்ட இஸ்ரேல், குலுக்கலில் வெளியேறியது. மனம் நொந்த இஸ்ரேலியர், வெற்றியைப் பினால்டி உதைகளால் தீர்மானிக்கலாம் என்றனர். ஃபிஃபா நடுவர் குழுவில் அதற்காக வாதிட்டவர் மலேசியரான கோ இயூ தெய்க். 1970 ஜூனில் அது ஏற்கப்பட்டது. 2011 சீ விளையாட்டு இறுதியாட்டத்தில், ஜகார்த்தாவில் இந்தோனேசியாவை 4-3 என வென்று நம் இளையோர் தங்கம் பெற்றதும் அம்முறையில்தான்.

மறுநாள் அம்மாணவனை அழைத்து என் பிழையை ஒப்புக்கொண்டேன். ஆட்டத்தின் முடிவை மாற்ற இயலவில்லை. அவன் தலையசைத்துச் சென்றான்.

அதன்பின் வகுப்பறையையும் அவ்வாறே நோக்குகிறேன். இருவர் கூச்சலிட, வகுப்பு முழுவதன் ஓய்வு நேரத்தையும் பறிக்கிறோமே, அங்கே யார் தண்டிக்கப்படுகிறார்? வீட்டிலும் தம்பி உடைத்ததற்கு அண்ணனைக் கடிகிறோம். விதியைச் சொல்லுவது எளிது. அது யாருக்காக எழுந்தது என்பதை உணர்ந்து செயற்படுத்துவதே கடினம்.

சிந்திப்போம்.