பாஸ்டன் குளத்துப் பனியும் எண்ணூர் நிலக்கரியும்

காத்திவாக்கத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் கீற்றுக் கூரையில் சொட்டுவதுதான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனால் தீர்ந்தது. தண்ணீர் உறையும் குளிரை எங்கள் ஊர்க்காரர்கள் சினிமாவில்தான் பார்த்திருக்கிறோம். ஆனாலும் ஏறக்குறைய 40 ஆண்டுகள், பூமியின் மறுபக்கத்தில் எவ்வளவு பனி கொட்டியது, குளம் எத்தனை அங்குலம் உறைந்தது என்பதைப் பொறுத்தே மதராஸ் பட்டணத்துக்கு ஐஸ் கிடைத்தது. அந்தக் கதையை இன்று எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர்களுக்கு மதராஸ் வெயில் பெரும்பாடு. 1806-ல் பேசில் காக்ரேன் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். பின்னாளில் பக்கிங்காம் கால்வாயான நீர்வழியின் முதல் துண்டு அது. விறகும் சரக்கும் போன அந்த வழியில் துரைமார்களும் படகேறி, கடற்காற்று வாங்க எண்ணூர் வருவார்கள். ஆம், அந்தக் காலத்தில் எண்ணூர் ஓர் உல்லாச ஊர்! வசதி இன்னும் கூடியவர்கள் ஊட்டிக்குப் போனார்கள்.

கல்கத்தா பக்கம் இன்னொரு வழி இருந்தது. குளிர்கால இரவில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் அகலமான மண்சட்டிகளில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். வானம் தெளிவாகவும் காற்று வறண்டும் இருந்தால், விடியும்போது மேலே மெல்லிய ஐஸ் ஏடு படிந்திருக்கும். மதராஸில் இது நடக்காது. கடல் ஈரம் இரவிலும் சூட்டை விடாது. தை மாதத்து இரவில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும்.

இந்த இடத்தில்தான் பாஸ்டன் வியாபாரி பிரடெரிக் டியூடர் வருகிறார். காக்ரேன் கால்வாய் வெட்டிய அதே 1806-ல், குளத்து ஐஸை வெட்டி மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலில் அனுப்பினார். ஊரே சிரித்தது. நஷ்டம், கடன், சிறைவாசம் எல்லாம் பார்த்தார். தொழிலை மட்டும் விடவில்லை. 1833-ல் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் 180 டன் ஐஸைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம், நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடக்க வேண்டும். அப்படியும் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. மரத்தூள்தான் ரகசியம். மர அறுப்பு ஆலைகளில் குப்பையாகக் கிடந்த தூளைக் கட்டிகளுக்கு இடையில் திணித்து, வெளிச்சூடு உள்ளே புகாமல் காத்தார்கள்.

அந்தத் தொழிலுக்கு வானிலைதான் முதல். கடுங்குளிர் தொடர்ந்து அடித்தால் குளத்தில் ஐஸ் தடிக்கும். குளிரே பனியையும் கொண்டுவரும், ஆனால் பனி கொட்டினால் வந்தது வினை. உறைந்த குளத்தின் மேல் படியும் பனி கம்பளி போலாகிவிடும். மேலே இருக்கும் குளிர் கீழே இறங்காது, ஐஸ் தடிப்பது நின்றுபோகும். அதனால் குதிரை பூட்டிய பலகைகளால் பனியை வழித்துத் தள்ளுவார்கள். நனைந்து உறைந்த பனி வெள்ளையாக, காற்றுக் குமிழியோடு இருக்கும், அதற்கு மதிப்பில்லை. கண்ணாடி போன்ற ஐஸுக்குத்தான் விலை. நத்தேனியல் வயத் என்பவர் 1825-ல் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பையைக் கொண்டுவந்த பிறகு, வயலில் பாத்தி போடுவதுபோல் குளத்தில் கோடு போட்டு, ஒரே அளவுக் கட்டிகளாக வெட்டினார்கள். அளவு ஒன்றானால் நெருக்கி அடுக்கலாம், கரைவதும் குறையும். 1827–28-ல் குளிர் ஏமாற்றியபோது பாஸ்டன் வியாபாரிகள் ஐஸ் தேடி வடக்கே போக வேண்டியதாயிற்று.

மதராஸில் டியூடரின் ஐஸ் கிடங்கு 1842-ல் கடற்கரையில் எழுந்தது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகுகளில்தான் சரக்கு அலைகளைத் தாண்டிக் கரைக்கு வரும். ஐஸும் அப்படித்தான் வந்தது. அந்தப் படகை வலித்த நம் கடலோர மக்களை நினைத்துப் பாருங்கள். பல்லாயிரம் மைல் கடந்து வந்த ஐஸை, கடைசி மைலில் உருகவிடாமல் கரை சேர்த்தவர்கள் அவர்கள். குடித்தவர்களோ துரைமார்களும் பெரிய இடத்துக்காரர்களும். அமெரிக்க எழுத்தாளர் தோரோ, தான் வசித்த வால்டன் குளத்தில் டியூடரின் ஆட்கள் ஐஸ் வெட்டியதைக் கண்டு, 1854-ல் வந்த தம் நூலில் அதைக் குடிப்பவர்களாக மதராஸ்வாசிகளையும் குறிப்பிட்டார். அவர் மனக்கண்ணிலும் படகுக்காரர் வரவில்லை.

1870-களில் சென்னையிலேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரானதும் கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது. கிடங்கை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பிற்பாடு சகோதரி சுப்புலட்சுமியின் விதவையர் விடுதி அங்கே நடந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லம். கல்கத்தா, பம்பாய்க் கிடங்குகள் மறைந்துவிட, இது ஒன்றே நிற்கிறது. ஐஸ் போய் நூறு ஆண்டு கடந்தும் அந்த வட்டாரம் ‘ஐஸ் ஹவுஸ்’தான்.

துரையின் கிளாஸில் மிதந்த ஐஸ், பிறகு மீனவரின் பெட்டிக்கு வந்தது. இந்த மாற்றத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஐஸ் இல்லாத நாளில் பிடித்த மீனை அன்றே, கேட்ட விலைக்குத் தள்ளியாக வேண்டும். இல்லாவிட்டால் உப்பிட்டுக் கருவாடாக்க வேண்டும். ஐஸ் வந்த பிறகு, “இந்த விலைக்குத் தரமாட்டேன்” என்று சொல்ல மீனவருக்கு வாய் வந்தது. காசிமேட்டு விசைப்படகு நாள்கணக்கில் கடலில் தங்க முடிகிறது. டீசல் எப்படியோ, ஐஸும் அப்படி. அது இல்லாமல் படகு கிளம்பாது.

இன்றைய ஐஸுக்கு பாஸ்டன் குளிர் வேண்டாம், மின்சாரம் வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்துப் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனபோது, அந்த அருமை தெரிந்தது. அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை எங்கள் ஊரருகே ஓடியது. ஆற்றுக்கு அப்பால் வடசென்னை அனல் மின்நிலையம் இன்னும் ஓடுகிறது. அங்கிருந்து வெந்நீரும் சாம்பலும் கொசஸ்தலை ஆற்றுக்குள்ளும் கழிமுகத்துக்குள்ளும் வந்திருக்கின்றன. இறாலும் நண்டும் மடவையும் வளர்ந்த இடம் அது.

டியூடரின் குளிர் புகையில்லாத குளிர். குளம் உறைந்தது, வெட்டினார்கள். அடுத்த ஆண்டு மறுபடி உறைந்தது. நம்முடைய குளிர் நெருப்பில் பிறக்கிறது. பட்டணத்து வீடுகளில் ஏசி ஓடவும் ஐஸ் கட்டி உறையவும் எரிகிற நெருப்பின் சூட்டை எண்ணூர் ஆறு வாங்கிக்கொள்கிறது. ஒரு காலத்தில் குளிர்ச்சி தேடிப் படகேறி வந்த ஊர் இது. நெட்டுக்குப்பத்து மீனவர் காசு கொடுத்துப் பெட்டி நிறைய ஐஸ் வாங்கிப் போகிறார். அந்த ஐஸில் வைக்க ஆற்றில் மீன் இருக்க வேண்டுமே, அதுதான் கவலை.