தொழிற்சாலை வாசலில் நின்றுவிட்ட சட்டம்

லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் முதலில் தம் பங்களா விறாந்தை மேசைகளில் கையாலேயே கொழுந்தை உருட்டச் செய்தார். 1872இல் அங்கே முழுமையான தொழிற்சாலை எழுந்தது. பின்னர் நுவரெலியா, ஹற்றன் மலைகளிலும் கையின் வேலையை இயந்திரங்கள் ஏற்றன.

அக்காலத் தொழிற்சாலைகளில் நீர்ச்சில்லோ எஞ்சினோ சுழற்றும் நெடுந்தண்டிலிருந்து ஒவ்வொரு ரோலருக்கும் வார்கள் இறங்கின. ஒரு ரோலரை நிறுத்தினாலும் தலைக்குமேல் தண்டு சுழன்றுகொண்டேயிருக்கும். வேட்டி நுனியோ சேலைத் தலைப்போ சிக்கினால், மற்றவர் ஓடிச்சென்று நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 1934இன் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் போன விரலுக்கு விலை சொன்னது. 1942இன் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ, விரல் போகாதிருக்கத் தண்டுக்கும் வாருக்கும் காப்புவேலி கேட்டது.

இப்போது இயந்திரமே மலையேறிவிட்டது. கவ்வாத்துக் கத்தியின் இடத்துக்குப் பெற்றோல் இயந்திரம். கொழுந்து பறிக்க மின்கல இயந்திரம். தேயிலை மலையோ 'தொழிற்சாலை' என்ற சொல்லுக்குள் அடங்காது. ஆபத்து என்னவோ பழையதுதான்: அலகில் சிக்கிய குச்சியை, ஓட்டத்தை நிறுத்தாமல் கைவிட்டு எடுப்பது. எஞ்சினை அணைத்து, அல்லது மின்கலத்தைக் கழற்றி, அலகு அசைவற்று நின்ற பின்பே தொட வேண்டும். ஈரச் சரிவில் இடம் மாறும்போதும் அணைக்க வேண்டும். சூடான எஞ்சினில் பெற்றோல் ஊற்றலாகாது.

இரவில் அதை எங்கே வைப்பது? கத்தியைப் போல வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடிய பொருளல்ல அது. 10க்கு 12 அடி லயன் அறையில் விறகடுப்பும் பிள்ளைகளும் அருகருகே. அலகுக்கு உறையிட்டு, எரிபொருளை வேறாக வைத்து, பூட்டிய அறையொன்றும் எடுத்தவர் பெயர் எழுத ஒரு கொப்பியும் தர வேண்டியது தோட்ட நிர்வாகமே. தொழிலாளியின் தலையில் கட்டக்கூடிய பொறுப்பன்று அது.