நிலைகுலைவும் பொய் விடையும்

வங்கிக் கணக்கும் வாக்காளர் இடாப்பும் இன்று தரவுத்தளங்களில் உறைகின்றன. அவற்றிடம் கேள்வி கேட்பதற்கான எஸ்.கியூ.எல். மொழியின் முதல் வடிவத்தை 1974 இல் ஐ.பி.எம். ஆய்வாளர்களான டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்ஸும் வெளியிட்டனர். அம்மொழியில் புதிய வினவல் வசதி ஒன்று சேரும்போதெல்லாம், அது முன்னிருந்த அத்தனை வசதிகளோடும் இசைந்து இயங்க வேண்டும். அந்தச் சேர்க்கைகள் அனைத்தையும் மனிதரே எழுதிச் சோதிப்பது ஆகாத காரியம்.

மாற்றுவழி தற்செயலாகத் தோன்றியது. 1988 இல், புயலடித்த ஓர் இரவில், விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் தொலைபேசி இணைப்பின் வழியே கணனியில் வேலை செய்துகொண்டிருந்தார். இணைப்பின் இரைச்சலால் நுழைந்த பொருளற்ற எழுத்துக்கள் மென்பொருள்களை நிலைகுலையச் செய்தன. இதையே மாணவர்க்குப் பயிற்சியாக அவர் கொடுத்தார். 1990 இல் வெளியான முடிவின்படி, சோதித்த யுனிக்ஸ் மென்பொருள்களில் கால் பங்குக்கும் மேற்பட்டவை செயலிழந்தன.

1998 இல் மைக்ரோசொப்ட் ஆய்வாளர் டொன் ஸ்லட்ஸ் இம்முறையைத் தரவுத்தளங்களுக்குக் கொணர்ந்தார். அவருடைய கருவி எழுந்தமானமாக வினவல்களை ஆக்கிப் பல தரவுத்தளங்களிடம் கேட்டது, விடைகளை ஒப்பிட்டது. வழு தென்பட்டால் நீண்ட வினவலைப் படிப்படியாகக் குறுக்கி, வழுவைக் காட்டும் சிறு பகுதியை மட்டும் எஞ்சவிட்டது. திருத்துபவர்க்கு வேண்டியதும் அதுவே. 'இயங்கவில்லை' என்ற முறைப்பாட்டால் எவருக்கும் பயனில்லை.

கடுஞ்சோதனைக்குப் பெயர்பெற்ற எஸ்.கியூ.லைட்டிலேயே 2015 இல் மிகால் ஸலெவ்ஸ்கி தமது கருவியால் இருபதுக்கும் மேற்பட்ட வழுக்களைக் கண்டறிந்தார். அவை திருத்தப்பட்டன.

எனினும் நிலைகுலைவு நேர்மையான வழு. தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பிழையான விடையோ ஓசையின்றி வந்துவிடுகிறது. அதைப் பிடிக்க 2020 இல் சூரிச்சில் மனுவெல் ரிக்கரும் செண்டொங் சுவும் எளிய உத்தி ஒன்றை வகுத்தனர். அட்டவணையில் ஒரு வரியை முதலில் தெரிந்தெடுத்து, அது கட்டாயம் விடையில் வரவேண்டிய வினவலைக் கருவி அமைக்கும். வரி வராவிடின் தரவுத்தளம் பொய்யுரைக்கிறது. புகழ்பெற்ற மூன்று தரவுத்தளங்களில் நூற்றுக்கு மேற்பட்ட வழுக்கள் இவ்வாறு வெளிப்பட்டன.

பத்திரிகைத் தொழிலிலும் அச்சேறாத செய்தியை வாசகர் கேட்டு வாங்குவர். பிழையாக அச்சேறியதை நம்பிவிடுவர். இடாப்பில் விடுபட்ட ஒரு பெயரை எந்த எச்சரிக்கை ஒலியும் அறிவிப்பதில்லை.