கொள்ளைநோயும் அரிசி அட்டையும்

கோட்டைப்பட்டினம், அம்மாப்பட்டினம், கோபாலப்பட்டினம் ஆகிய புதுக்கோட்டை மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து பொருள் தேடிக் கடல் கடந்தோரை நாம் சபராளிகள் என்போம். 2020ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது சபராளி ஓர் அரசின் கீழும், அவர்தம் குடும்பம் மற்றோர் அரசின் கீழும் அகப்பட்டிருந்தனர்.

சவூதி அரேபியா, தனியார் நிறுவனங்களில் பணிபுரிந்த தன் குடிமக்களின் ஊதியத்தில் 60 விழுக்காட்டை மூன்று மாதங்களுக்கு ஏற்றுக்கொண்டது. அயல்நாட்டுத் தொழிலாளி அக்கணக்கில் இல்லை. சிங்கப்பூரோ, விடுதிகளில் வாழ்ந்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை அடைத்து வைத்தது. ஆயினும் உணவும் மருத்துவமும் அளித்து, ஊதியத்துக்கும் வழி செய்தது. நகரம் திறந்த பின்னரும் அவ்விடுதிக் கதவுகள் நெடுநாள் திறக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

இங்கே மார்ச் 25இல் நாடே அடைபட்டது. வெளிநாட்டுப் பணம் தடைப்பட்ட வீடுகளுக்கு வந்து சேர்ந்தது எது? அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும், ஏப்ரல் மாதத்து அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும்தாம். வருமானம் என்னவென்று கடையில் எவரும் வினவவில்லை. 1997இல் நடுவணரசு மக்களை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் எனப் பிரித்தபோது, தமிழகம் அதற்கு இணங்காமல் ரேஷனை எல்லோர்க்கும் பொதுவாகவே வைத்திருந்தது. வீண்செலவு என்று இகழப்பட்ட ஏற்பாடு அது!

மே 7 முதல் சிறப்பு விமானங்கள் வரலாயின. வேலையிழந்து திரும்பினோர் பலர். அவர்கள் வீட்டு அட்டை அப்படியே இருந்தது.