இஸ்தான்புல் கடைவீதியில் இனிப்பின் வரலாறு

நோன்புப் பெருநாளைத் துருக்கி மக்கள் ‘ஷெக்கர் பைராமி’ என்றும் அழைப்பர். சர்க்கரைப் பெருநாள் என்பது பொருள். இஸ்தான்புல்லின் பழைய வணிகப் பகுதியான எமினோனுவில் நடந்தால் அப்பெயரின் பொருத்தம் நமக்கு விளங்கிவிடும்.

படகுத்துறையை ஒட்டி நிற்கிறது யெனி ஜாமி. ‘புதிய பள்ளிவாசல்’ என்று பெயர். வயதோ மூன்றரை நூற்றாண்டுக்கு மேல். 1597-இல் சுல்தானின் அன்னை சஃபிய்யா தொடங்கிய பணி இடையில் நின்றுபோக, 1665-இல் துர்ஹான் என்னும் மற்றோர் அரசன்னை அதனை நிறைவு செய்தார். அருகிலுள்ள எகிப்தியச் சந்தை இப்பள்ளிவாசலின் வக்ஃபு. நறுமணப் பொருள் விற்ற கடைகளின் வாடகையே பள்ளியைப் பராமரித்தது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் பாஹ்செகாபி. 1777-இல் கஸ்தமோனு மாநிலத்திலிருந்து வந்த பெகிர் எஃபந்தி அங்கே மிட்டாய்க் கடை திறந்தார். ஹஜ் கடமையை நிறைவேற்றியபின் ஹாஜி பெகிர் ஆனார். அவர் வழியினரின் கடை இன்றும் அப்பகுதியில் உண்டு. அவருடைய புகழ் ‘லொக்கும்’ என்ற இனிப்பால் வளர்ந்தது. ‘ராஹத்துல் ஹுல்கூம்’, அதாவது தொண்டைக்கு இதம் என்னும் அரபுத் தொடரே சுருங்கி லொக்கும் ஆயிற்று. சர்க்கரைப் பாகில் மாவுச்சத்தைக் கரைத்து நெடுநேரம் கிளறி, தட்டில் ஊற்றி ஆறவிட்டு, துண்டாக்கி, மாவில் புரட்டுவர். பொருள்கள் எளியவை, கிளறும் கைதான் அரியது. நம் வீடுகளில் தொதல் கிண்டிய பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முஹர்ரம் மாதத்தில் இவ்வூர் மக்கள் ‘ஆஷுரே’ காய்ச்சுவர். கோதுமை, கொண்டைக்கடலை, உலர்பழங்கள் சேர்ந்த இனிப்புக் கூழ் அது. நூஹ் (அலை) அவர்களின் கப்பலில் எஞ்சிய தானியங்களைக் கொண்டு முதலில் சமைக்கப்பட்டது என்பது மக்கள் வழங்கும் கதை. அதனை மார்க்க ஆதாரமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் அண்டை வீடுகளுக்குக் கிண்ணம் கிண்ணமாக அனுப்பும் வழக்கம் அழகானது.

எல்லாவற்றிலும் வியப்புக்குரியது பக்லாவாவின் வரலாறு. ரமளான் பிறை 15-இல் சுல்தான் தோப்காபி அரண்மனையில் நபி (ஸல்) அவர்களுடையதாகப் போற்றப்படும் போர்வையைத் தரிசித்தபின், ஜானிசரிப் படையினருக்குப் பத்துப் பேருக்கு ஒரு தட்டு வீதம் பக்லாவா வழங்கப்படும். துணியில் கட்டிய தட்டைக் கழியில் தொங்கவிட்டு இருவர் சுமக்க, வீதிவழியே ஊர்வலம் செல்லும். அதை வெறும் அன்பளிப்பாக நாம் கருத இயலாது. அப்படையின் அதிகாரிக்கு ‘சோர்பாஜி’ என்று பட்டம். சூப்புக்காரர் என்று பொருள். படையினர் சமையல் கொப்பரையைக் கவிழ்த்தால் அது கிளர்ச்சியின் அறிவிப்பு. சுல்தான்களையே அரியணையிலிருந்து இறக்கியவர்கள் அவர்கள். ஆகவே அந்தத் தட்டுகளில் இனிப்போடு அச்சமும் இருந்தது.

1826 ஜூன் மாதம் கொப்பரைகள் கடைசி முறையாகக் கவிழ்ந்தன. சுல்தான் இரண்டாம் மஹ்மூத் படைவீடுகளைப் பீரங்கியால் தகர்த்து, ஜானிசரிகளை ஒழித்தார். உயிரிழந்தோர் ஆயிரக்கணக்கானோர். பக்லாவா ஊர்வலமும் அத்துடன் நின்றது.

பக்லாவா நிற்கவில்லை. இன்று அதற்குப் பெயர்பெற்ற ஊர், தலைநகராக இருந்த இஸ்தான்புல் அன்று. சிரிய எல்லையை அடுத்த, பிஸ்தா விளையும் காஸியான்தெப். 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு அளித்ததும் அவ்வூர்ப் பக்லாவாவுக்கே.